சக்கர வீட்டுக்கு ஒரு வண்டி

எல்லப்பனின் பழைய வண்டி யார்டில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த என் வீட்டுக்காரர் திருமலை, சட்டையைப் பற்றி யோசிக்காமல் ஒரு பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். துவைக்கப் போவது அவரில்லையே. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. எல்லப்பன் என்னைப் பார்த்து, சார் கார் கம்பெனியில் இருந்தவர், அவருக்கு நான் எதையும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை என்றார். விற்கிறவர் இதைச் சொன்னால் வாங்குகிறவர் உஷாராக வேண்டும். என் வீட்டுக்காரரோ அடியில் படுத்தபடியே குளிர்ந்துபோனார்.

அவர் வேலை பார்த்த கம்பெனி வெளிநாட்டுக்குப் பிக்கப் வண்டிகள் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே சிலர் வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். வண்டி அதை இழுக்கிறதா என்று பார்ப்பதற்காக அப்படியொரு ட்ரெய்லரைக் கப்பலில் வரவழைத்து வைத்திருந்தார்கள். கம்பெனியை மூடி, உள்ளே இருந்ததையெல்லாம் ஏலம் விட்டபோது, மற்றவர்கள் பீரோவும் ஏசியும் எடுத்து வந்தார்கள். இவர் அந்த வீட்டை எடுத்து வந்தார். கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, பீரோ அளவுக்கு ஒரு கக்கூஸ். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தெருவில், சக்கர வூடு என்றால் இன்று யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

அதை ஏலகிரிக்கு இழுத்துப் போய் ஒரு இடத்தில் நிறுத்தி, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவருடைய திட்டம். அவர் வண்டி ஓட்டுவார், நான் சமைப்பேன். நான் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு, ராத்திரியானால் தொடமுடியாமல் வலிக்கிறது. ஏலகிரியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. எனக்கு மலை வேண்டாம், குளிர் வேண்டாம். உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை வேண்டும். அந்த வண்டி இந்த வீட்டை இழுத்துவிட்டால் நான் லைனை விட்டுவிடலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

கம்பெனி மூடிய பிறகு அவருக்கு மிச்சமிருந்த மரியாதை ஒன்றுதான். தெருவில் யார் வண்டி வாங்கினாலும் இவரிடம் வந்து கேட்பார்கள். இவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, எடுக்கலாம் என்பார், அல்லது வேண்டாம் என்பார். பதினோரு வருஷம் கார் கம்பெனியில் இருந்தவரின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஏது.

அந்தப் பதினோரு வருஷமும் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உள்ளே விட்டபோது காட்டினார். தரையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு கட்டம். மேலேயிருந்து தொங்கும் ஒரு கன். வண்டியின் பின்பக்கம் கொக்கி மாட்டுகிற இரும்பைப் பொருத்தி, அந்தக் கன்னால் நான்கு போல்ட் முறுக்க வேண்டும். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். என்ஜின் எங்கோ வேறொரு கொட்டகையில் தயாரானது. கொக்கியில் எதை மாட்டுவார்கள், அது எப்படி இழுக்கும் என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்கு வெளியே. நானும் லைன்காரிதான். என் கைவழியாகப் போகிற போனின் மற்ற பாகங்களைப் பற்றி என்னிடம் கேட்டால் முழிப்பேன். ஆனால் என்னிடம் யாரும் வந்து கேட்பதில்லை என்பதால், எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு அது மறந்துபோய்விட்டது.

யார்டில் இரண்டு வண்டிகளைக் காட்டினார்கள். ஒன்று பழசு. ரோடு போடுகிற இடத்தில் கம்ப்ரசரை இழுத்துக்கொண்டிருந்ததாம். பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. இன்னொன்று சிவப்பு, உயரமான டயர், உள்ளே ஐந்து பேர் உட்காரலாம். எங்களோடு உச்சிமாகாளியும் வந்திருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறான், எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறான். அவன் இரண்டையும் ஸ்டார்ட் செய்து கொஞ்சநேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, ட்ரெய்லர ஒருக்க மாட்டி இழுத்துப் பாத்துருவமா? மேம்பாலம் ஏறி எறங்குனா தெரிஞ்சு போவும்."

சிவப்பு வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்த இவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பின்பக்க இரும்பு அச்சு அசல் கம்பெனி வண்டி மாதிரியே இருக்கிறதாம். உச்சிமாகாளி கேட்டது அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

"நீ பஸ்ஸு ஓட்றவன்டா. நான் வண்டி செஞ்சவன்," என்றார்.

அவன் இரண்டு சாவிகளையும் எல்லப்பனிடம் திருப்பிக் கொடுத்தான். குடியிருக்கிற வீட்டுக்காரரிடம் வேறென்ன பேசுவான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏங்க, ஒரு தடவ இழுத்துப் பாத்துக்கினா இன்னா கொறஞ்சிடும்?" என்றேன்.

எல்லப்பன் முன்னால் நான் தன் வேட்டியை உருவிவிட்ட மாதிரி அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு போய் சிவப்பு வண்டிக்கு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வரும் வழியில், லைனை விட்டு நிற்பதற்கான பேப்பரை எப்போது கொடுக்கப்போகிறாய் என்று கேட்டார். முதல் தடவை போய்வந்த பிறகு கொடுக்கிறேன் என்றேன். அதற்கும் முகம் தொங்கிப்போனது.

கிளம்புகிற அன்று லீவு சொல்லியிருந்தேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். நானும் கூறைப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு, தலைகொள்ளாமல் பூ வைத்துக்கொண்டேன். சமதரையில் வண்டி நன்றாகத்தான் போனது. அவர் ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு பாட்டுப் போட்டார். நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். எத்தனை சுகமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

ஒரகடம் மேம்பாலத்தில் பாதி ஏறும்போது வண்டி முனகியது. அவர் கியரை மாற்றினார், மறுபடி மாற்றினார். ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. வண்டி நின்று, பிறகு பின்னால் நழுவத் தொடங்கியது. அவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் குதித்து ஓடி, ட்ரெய்லர் கதவைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். உட்கார்ந்து காய் நறுக்க என்று வாங்கிவைத்த மணைக்கட்டை. அதைச் சக்கரத்துக்கு அடியில் திணித்ததும் வீடு நின்றது.

ஷிப்ட் நேரம். பின்னால் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அவர் இறங்கி வந்து ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல, சசி. இதுதான் ஓவர் வெயிட்டு," என்றார்.

அவரைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, அந்தச் சிவப்பு வண்டியோடு சேர்த்துப் பாலத்திலிருந்து தள்ளிவிடவும் தோன்றியது. ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் கம்பெனி பஸ் பக்கத்தில் ஊர்ந்துவந்து நின்றது. உச்சிமாகாளிதான் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் எங்களைப் பார்த்த பார்வையில் கேலி இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ரெக்கவரி வண்டிக்குப் போன் போட்டுவிட்டதாகவும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னான். ஜன்னல் முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். நான் சீட்டிலிருந்து என் கைப்பையை எடுத்தேன். ஐடி கார்டு அதில்தான் இருந்தது.

"எங்க போற?" என்றார்.

"ஷிப்ட்டுக்கு நேரமாவுது."

அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. உச்சிமாகாளி கதவைத் திறந்து, "ஏறுங்க மதினி," என்றான், ரோட்டைப் பார்த்தபடி.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லைனில் என் பக்கத்தில் நிற்கிற ஜாஸ்மின், லீவு என்று சொன்னாயே என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பஸ் சிவப்பு வண்டியைத் தாண்டி மேலே ஏறியது.

லைனுக்குள் பூவும் வளையலும் கூடாது, கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலையிலிருந்து பூச்சரத்தை இழுத்தெடுத்துக் கைப்பையில் போட்டேன். பிறகு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகை வளையல்களை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினேன். எதிர்சீட்டில் இருந்த, துப்புரவு வேலைக்கு வரும் ஒரு அம்மா, பின்கண்ணாடி வழியாக ஒருமுறை கீழே பாலத்தில் தனியாக நின்றவரைப் பார்த்தாள், என் மொட்டைக் கையைப் பார்த்தாள், அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.