கேபினெட்டின் முதுகுப்புறம்

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் இரும்பை மூடித்தான் வைக்க வேண்டும். புதுப்பட்டினத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். விஜயகுமாரி டிவிக்கு ஒரு துண்டு, தையல் மிஷினுக்கு ஒரு பழைய சேலை, மிக்சிக்கு ஓர் உறை என்று போட்டு வைத்திருந்தாள். வாங்கிய மறுவருஷமே பீரோவின் கால்கள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததைப் பார்த்தவள். அதனால்தான் மகன் பார்த்திபனின் கம்ப்யூட்டர் கேபினெட் பெட்டியையும் தடிமனான போர்வைத் துணியால், பின்பக்கம் சுவர் வரைக்கும் இழுத்து மூடியிருந்தாள்.

அது விளையாட்டின் நடுவே நின்றுபோகத் தொடங்கியபோது அவளுக்குக் காரணம் தெரியவில்லை. பார்த்திபன் காரணம் தேடினான். ஒயரைப் பிடுங்கிச் சொருகினான், ஸ்விட்ச் போர்டை மாற்றினான், விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். பாட்டுக் கேட்டால், படம் பார்த்தால் ஓடுகிறது. கேம் போட்டால் மட்டும் சிறிது நேரத்தில் பட்டென்று இருட்டாகிவிடுகிறது.

இருட்டானால் அவன் வெளியே வருவான். அது ஒன்றுதான் அவளுக்குத் தேவையாக இருந்தது. ஹாலில் வந்து உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிடுவான். ஒன்றும் பேச மாட்டான். ஆனாலும் அவன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மகள் கீர்த்தனா போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. செங்கல்பட்டில் வேலை முடிந்த தங்கையைப் பின்னால் உட்காரவைத்து அவன்தான் பைக்கில் அழைத்து வந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டி, பின்விளக்கு இல்லாத டிராக்டர் ஒன்று ரோட்டில் நின்றிருந்தது. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவள் அங்கேயே போய்விட்டாள்.

எப்படி நடந்தது என்று போலீஸ் சொல்லிவிட்டது. எங்கே அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாதது ஒன்றுதான். அன்று காலை ஒரு வரன் விஷயமாக அம்மாவுக்கும் மகளுக்கும் வாய்ச்சண்டை. "நீ இந்த வூட்டுக்குப் பாரம்டி" என்று சொல்லிவிட்டாள் விஜயகுமாரி. கீர்த்தனா செருப்பை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுக்காமல் போனாள். சாயங்காலம் வண்டியில் வரும்போது அந்தப் பெண் அண்ணனிடம் என்ன பேசினாள்? அந்தச் சொல்லை மறந்திருந்தாளா, இல்லை சுமந்துகொண்டே வந்தாளா? தெரிந்தவன் அவன் ஒருவன். கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டால், உன்னால்தான் செத்தாள் என்று கேட்டதாகிவிடுமோ என்று பயம். அதைவிட, அவன் பதில் சொல்லிவிடுவானோ என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்வாணன் வந்தான். பார்த்திபனோடு படித்தவன், இப்போது செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். மேசைக்கு அடியில் குனிந்தவன் உடனே சிரித்துவிட்டான்.

"இன்னா மச்சான், பொட்டிக்குப் போர்வ போத்தி வெச்சிகீற? அதுக்கு ஜொரமா?"

"அம்மா மூடுவாங்க மச்சான். உப்புக் காத்து."

"மூடு, வேணான்னு சொல்லல. ஓடும்போது மூடுனா அது எங்க மூச்சு வுடும்?"

அவன் பெட்டியைத் திறந்து பஞ்சு பஞ்சாக அழுக்கை எடுத்தான். பிராசசர் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டை இழுக்கும் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். காபி கொண்டுவந்த விஜயகுமாரியிடம் பின்பக்கத்து ஃபேனைக் காட்டினான்.

"பாருங்கம்மா, உள்ள இருக்கற சூடு இது வழியாத்தான் வெளிய போவுது. கேம் ஆடுனா சூடு ஜாஸ்தி. வழிய அடைச்சிட்டா, எரிஞ்சி போயிடக் கூடாதுன்னு அதுவே தன்ன நிறுத்திக்கும். அவ்ளோதான், பேய் பிசாசு ஒண்ணும் இல்ல."

"இனிமே மூடலப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு பெட்டி நிற்கவில்லை. பார்த்திபனும் வெளியே வரவில்லை. தட்டை உள்ளே வாங்கிக்கொண்டான். மூடிய கதவுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. காதில் மாட்டிய மைக்கில் எந்த ஊர் என்றே தெரியாத யாரோடோ பேசினான். "டேய், ரைட்ல வர்றான்டா", "என்ன வுட்டுட்டு ஓடாத." ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தான். அவள் கையில் இருந்த முறத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு இருந்திருக்கிறது. அவளிடம் காட்டத்தான் இல்லை.

மறுநாள் அவன் குளிக்கப் போனபோது, பெருக்குவதற்காக அந்த அறைக்குள் போனாள். ஒரு துண்டை நான்காக மடித்து, பெட்டியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் திணித்தாள். முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று கைக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும் என்றுதான் கை அத்தனை அழுத்தித் திணித்தது.

அன்று பெட்டி நின்றது. அவன் வெளியே வந்து சாப்பிட்டான். அடுத்தடுத்த நாட்களிலும் நின்றது. அவன் ஃபோனில் தமிழ்வாணனிடம் புலம்பினான். கரண்ட் தருகிற சப்ளை வீக்காக இருக்கும், வேறு கொண்டுவந்து போடுகிறேன், அதுவரைக்கும் ரொம்ப ஓட்டாதே என்று தமிழ்வாணன் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். மழைக்கு முந்திய புழுக்கம். கதவைத் தாண்டிப் பெட்டியின் ஃபேன் இரைந்தது. அவன் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. கேம் ஓடிக்கொண்டிருந்தாலும் விளையாட்டுப் பேச்சு இல்லை. விஜயகுமாரி கதவருகே போய் நின்றாள்.

"இல்லடா, ஒரே தங்கச்சிதான். ...ஆமா, நான்தான் ஓட்டிக்கினு வந்தேன்."

அந்தப் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஃபேன் இன்னும் பலமாக இரைந்தது. அவளுக்குத் துண்டு நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். திறக்காவிட்டால் பெட்டி நின்றுவிடும். கை தாழ்ப்பாள் மேல் இருந்தது.

"காலைல அம்மா கூட சண்ட போட்டுட்டு வந்துட்டா. வண்டில வரும்போது அதையேதான் சொல்லிக்கினு வந்தா. திருக்கழுக்குன்றத்துல டீ குடிச்சோம். அங்கதான் சொன்னா, அண்ணா, இன்னிக்கு வூட்டுக்குப் போனதும் அம்மாவ நான்..."

இரைச்சல் நின்றது.

"சே" என்ற ஒரு சத்தம். நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. அவள் ஹாலுக்கு வந்து, எதையோ தேடுகிறவளைப் போலக் குனிந்துகொண்டாள்.

"ஆஃப் ஆயிடுச்சி" என்றபடி வந்து உட்கார்ந்தான். அவள் தட்டு வைத்தாள். சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள்.

"யாரு கூடடா பேசிக்கினு இருந்த?"

"ஃபிரண்டு."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"இன்னா பேசுனீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கேமப் பத்திதான்." நிமிர்ந்து பார்க்காமல் பிசைந்தான்.

"போய்ப் போடுடா."

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். கம்ப்யூட்டரைப் போடு என்று அவள் சொன்னதே கிடையாது. "சூடு ஆறணும்மா. ஒடனே போட்டா மறுபடியும் நின்னுடும்."

"அந்தப் பையன் இருப்பானா?"

"அவன் போயிருப்பான். எதுக்குக் கேக்கற?"

"சும்மா" என்று எழுந்தாள். அவன் அறையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போவதுபோல் உள்ளே நுழைந்து, மேசைக்கு அடியில் கையை விட்டுத் துண்டை உருவினாள். பெட்டியின் முதுகு அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. துண்டைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு அங்கேயே சற்று மண்டியிட்டிருந்தாள். அம்மாவ நான். மன்னிச்சிடுவேன் என்றா, சும்மா வுட மாட்டேன் என்றா? இரண்டும் கீர்த்தனாவின் வாய்க்குப் பொருந்தின. இரண்டையும் அவள் மகளின் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள்.

அவன் கை கழுவிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். பெட்டி ஓடத் தொடங்கியது. அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். மழை பெய்து ஓய்ந்தது. விளக்கு ஏற்றுகிற நேரமும் போனது. சுவருக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்திருக்கிறான், குண்டு தீர்ந்துவிட்டது, பின்னாலேயே வா என்று அவன் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. அன்று பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.