சீவரத்தினம் ஓவசியர் கடக்காத பாலம்

சீவரத்தினம் ஓவசியர் தான் கட்டிய பாலத்தைக் கடக்க 1957 கார்த்திகையில் நடக்கத் தொடங்கினார். பதினேழு வருடங்களாகியும் மறுகரையை அடையவில்லை. பாலத்தின் நீளம் அறுபத்து நான்கு அடி.

பாப்பாமோட்டையிலிருந்து முருங்கன் போகும் வழியில், ஓர் ஓடைக்கு மேலே அது ஒற்றை வில்லாக நிற்கிறது. வில் தன் கனத்தை இரு கரைகளிலும் தள்ளிவிடுவதால் நடுவில் தூண் வேண்டியதில்லை. ஆனால் கொங்கிறீற்று இறுகும்வரை மர முட்டுகள் இருபத்தெட்டு நாள் அடியில் நிற்க வேண்டும். திறப்புவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று ஓவசியர் பதினான்காம் நாளே கழற்றச் சொன்னார். வில் அசையவில்லை. முட்டு ஒன்று சரிந்து, கீழே நின்ற கூலியாள் பேசாலைத் தோமஸ் செத்துப்போனான். அவன் குடித்திருந்தான் என்று ஓவசியர் அறிக்கை எழுதினார். தோமஸ் கள்ளைத் தொட்டதேயில்லை.

அவனுடைய தமையன் யாகப்பர், ஓவசியர் வேலைபார்க்கும் கந்தோர் வாசலில் அவரை மறித்தார்.

“செத்தவன்ரை பேரையுமோ கெடுத்தனீர்? உமக்கு இந்தப் பாலம் முடியாது, ஓவசியர்.”

ஓவசியர் சிரித்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் அவருடைய மகள் வசந்தமலரை முருங்கன் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குச் சேர்த்தார்கள். அவளைப் பார்க்கப் புறப்பட்ட ஓவசியர் பாலத்தில் ஏறினார். மாட்டுவண்டிகளும் சைக்கிள்களும் அவரைத் தாண்டிப் போயின. அவருக்கு மட்டும் மறுகரை கிட்ட வரவில்லை. எரிச்சலில் திரும்பினார், மூன்றே எட்டில் வீட்டுப் பக்கம். மறுபடி ஏறியவர் பிறகு திரும்பவேயில்லை. களைத்தால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தூங்கினார்.

பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் வசந்தமலர் குழந்தையோடு நடுப்பாலத்துக்கு வந்தாள். யாகப்பர் மறுகரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, எழுதினது பொய்யெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. அவர் விட்டிடுவார்.”

“எழுதினது எழுதினதுதான்.”

“அப்ப நடவுங்கோ,” என்று சொல்லிப் பிள்ளையை அவர் கையில் கொடுக்காமலே போனாள். அதன் பிறகு அவள் அந்தப் பாலத்தில் பஸ்ஸில்தான் போய்வந்தாள், மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

யாகப்பர் 1969இல் காலமானார். ஓவசியருக்குப் பாலம் ஓர் அடியும் குறையவில்லை. சாரதிகள் அவரிடத்தில் ஓரமாக விலத்தி எடுக்கப் பழகிவிட்டார்கள். பேரனைப் பார்க்க முருங்கன் போகும் அவருடைய மனைவி பரமேஸ்வரி நடுப்பாலத்தில் இறங்கிச் சோற்றுப் பார்சலை நீட்டுகிறாள்.

“இண்டைக்காவது சொல்லுறீங்களோ?”

அவர் இல்லையென்று தலையாட்டிவிட்டுப் பார்சலை வாங்குகிறார். அவள் அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டுகிறாள்.