தொடாமல், அதட்டாமல், பத்து நிமிஷம்

சப் இன்ஸ்பெக்டர் சுப்ரியா இந்தத் தேர்வில் தேறியே ஆகவேண்டும். தேறினால் வீட்டுக்குப் பக்கத்திலேயே கரமனை ஸ்டேஷன். தோற்றால் இன்னும் ஒரு வருஷம் விழிஞ்ஞத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் ஒரு வாரமாக வெளிநாட்டுப் பாடம். இங்கிலாந்தில் சாதாரணப் போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கியே கிடையாதாம். நார்வேயில் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். அங்கெல்லாம் வாயை வைத்தே ஆளை அடக்குகிறார்கள். நம்மூரிலும் வாய்தான், அது வேறு மாதிரி வாய்.

தேர்வு இதுதான்: கத்துகிற ஆளைத் தொடாமல், அதட்டாமல், பத்து நிமிஷத்தில் சாந்தப்படுத்த வேண்டும். கத்துவதற்குக் கேன்டீன் பரோட்டா மாஸ்டர் செல்வமணியைப் பிடித்து வந்திருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரர், பரம சாது. காலையிலிருந்து அவளுக்கு முன்னால் தேர்வுக்கு வந்த பத்துப் பேரும், "கொஞ்சம் கத்துங்க அண்ணாச்சி" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

சுப்ரியா கைகளை விரித்துக் காட்டி, இரண்டடி பின்வாங்கினாள். "மனசுல என்ன கஷ்டம்? எதுவானாலும் சொல்லுங்கோ."

இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை போலும். செல்வமணிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. தேர்வு நடத்திய டி.வை.எஸ்.பி. அனந்தபத்மநாபனை நோக்கிக் கையை நீட்டினார்.

"இந்த ஸாருதான்! தெனமும் ஆறு பரோட்டா திங்காரு. தின்னுட்டு, சால்னாவுல உப்பில்லன்னு நாலு பேரு முன்னால சொல்லுதாரு. உப்பில்லாததையா மூணு தடவ ஊத்தச் சொன்னாரு?"

"எடோ! யாரைப் பாத்துப் பேசறே?" அனந்தபத்மநாபன் மேஜையில் அடித்த அடியில் டீ கவிழ்ந்தது.

சுப்ரியா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "ஸார், உங்க கோபம் எனக்குப் புரியறது. முதல்ல உக்காருங்கோ. தண்ணி குடியுங்கோ."

அவர் உட்கார்ந்தார், குடித்தார், அடங்கினார். நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்திருக்க வேண்டும்.

"எனக்குக் கோபமே வரல்லையே," என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி. "வராத கோபத்துக்கு மார்க் போட முடியாது, கேட்டோ. செல்வமணி இன்னும் முறைச்சுண்டு நிக்கறான். தோல்வி."

"வரல்லையா?" சுப்ரியா போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற சென்ட்ரி ஓடி வந்தார். அவள் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள்.

செல்வமணிதான் இரண்டடி பின்வாங்கிக் கைகளை விரித்தார். "மேடம், ஒங்க வருத்தம் எனக்குப் புரியுது. நிதானமா சொல்லுங்க. நான் கேக்கேன்." பதினோரு பேர் சொல்லக் கேட்டுப் பாடம் தலைகீழாக வந்துவிட்டது அவருக்கு.

நாற்காலி இறங்கியது. சுப்ரியா அதிலேயே உட்கார்ந்து, பஸ், வெயில், மேலதிகாரி எல்லாவற்றையும் சொல்லி ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அவர் ஒன்று விடாமல் கேட்டார்.

அனந்தபத்மநாபன் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே நிமிஷம். தொடல்லை, அதட்டல்லை."

சாயங்காலம் பலகையில் முடிவு ஒட்டினார்கள். தேறியவர் ஒரே ஒருவர்: செல்வமணி, கேன்டீன்.

சுப்ரியாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் மனசு என்னவோ லேசாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.