மெம்பர் நீட்டிய சோடா

குழாயடியில் வைத்த குடத்தை மெம்பர் பொன்னுராஜ் எட்டி உதைத்த அன்றைக்கே பூமாரி சொல்லிவிட்டாள், இதைச் சும்மா விடப்போவதில்லை என்று. தெருவுக்கு வரும் தண்ணீரைத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிக்கொண்டதுமில்லாமல், கேட்கப்போன பிள்ளைத்தாய்ச்சியின் குடத்தை உதைத்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? குடம் மகள் பஞ்சம்மாளுடையது. தலைப்பிரசவத்துக்கு வந்தவள். அன்றிலிருந்து தெருவே தோட்டத்துக் கிணற்றுக்கு நடக்கிறது. அவளும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள்.

முன்பெல்லாம் மெம்பர் மேல் புகார் என்றால் பேரூராட்சித் தலைவர் வீட்டு வாசலில்தான் பேச்சு. எதிராளி கையால் ஒரு காப்பியைக் கொடுக்கவைத்து, புகார் சொன்னவரைக் குடிக்கச் சொல்லுவார்கள். குடித்தால் தீர்ந்தது. பகையாளி கையால் வாங்கிக் குடித்தவர்கள் மறுபடி வழக்குப் பேசுவது இந்தப் பக்கத்தில் கிடையாது. புதிதாக வந்த நிர்வாக அதிகாரி இதைப் பார்த்துக் கொதித்துப்போனார். இனி விசாரணை ஆபீசில்தான், வேறு வார்டு மெம்பர்கள் மூன்று பேர் கேட்கவேண்டும், தீர்ந்த புகாரைத் திரும்ப எடுக்கக்கூடாது என்று விதி போட்டார். நல்ல மனுசன். பூமாரிக்கு அவர் சாமியாகவே தெரிந்தார்.

அவளும் விவரமாகத்தான் இருந்தாள். பொன்னுராஜ் வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பு வந்தபோது தெருவில் ஒரு ஈ காக்காயைப் போகவிடவில்லை. அங்கே வாய் நனைத்தால் வழக்கு போச்சு என்று வீடு வீடாகச் சொன்னாள்.

விசாரணை அன்று சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஆபீசில் கரண்டும் இல்லை. சாட்சி பஞ்சம்மாள்தான். மூத்த மெம்பர் சேக் தாவூது நியாயமாகவே கேட்டார். பயப்படாமல் சொல், குடத்தை உதைத்தது யார் என்றார். பஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். அப்படியே கண் சொருகிச் சரிந்தாள்.

பூமாரி பாய்ந்து மகளை மடியில் தாங்கினாள். தண்ணீர், தண்ணீர் என்று கையை நீட்டினாள். யாரோ ஒரு சோடாவைத் திணித்தார்கள். மகள் முகத்தில் தெளித்து, வாயில் புகட்டி, அவள் கண் திறந்ததும் மிச்சத்தைத் தன் தொண்டையில் ஊற்றிக்கொண்டாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க நிமிர்ந்தபோது எதிரே கை நீட்டி நின்றது பொன்னுராஜ். பாவி, சூதாகச் செய்தானோ, பதறித்தான் செய்தானோ!

சேக் தாவூது நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "அவுக குடுத்தாக, நீ குடிச்சிட்ட. இனி என்ன ஆத்தா பகை கெடக்கு?"

சோடா குடித்தால் சமாதானமா என்று அதிகாரி குதித்தார். மெம்பர்கள் மூவரும் அவரை வெளியூர்க்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவர் பூமாரி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. புகார் இருக்கா, இல்லையா?"

இருக்கு என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் இத்தனை நாள் அலைந்தாள். ஆனால் வாங்கிக் குடித்த வாயால் எப்படிச் சொல்வது? அதுவும் பிள்ளைத்தாய்ச்சியை மடியில் கிடத்திக்கொண்டு? அந்தப் பாவம் வயிற்றுப் பிள்ளையின் தலையில் விடியாதா? தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி தான் போட்ட விதிப்படியே, சமாதானம், இனித் திரும்ப எடுக்கமுடியாது என்று எழுதி முடித்தார்.

மறுநாள் காலையில் தாயும் மகளும் குடத்தோடு தோப்பு வழியாகத்தான் நடந்தார்கள். தெருத் தண்ணீர் தென்னைக்குச் சலசலவென்று பாய்ந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்ற பொன்னுராஜ் வாய் நிறையச் சிரித்தார்.

"என்ன ஆத்தா, மக சுகந்தானா?"

பகை முடிந்த மனுசன் கேட்டால் பதில் சொல்லாமல் போகக்கூடாது.

"சுகந்தாங்கய்யா" என்றாள் பூமாரி.