நாற்பது நாள் காற்று

சுபிட்சா கார்மென்ட் வாஷ் கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வருடத்தில் இரண்டு நாள் ஓடும். ஒன்று, ஆய்வுக்கு ஆள் வரும் நாள். இன்னொன்று, ஆயுத பூஜை. மற்ற நாட்களில் அது பச்சை பெயிண்டும் 'பூமி நம் தாய்' என்ற பலகையுமாக மௌன விரதம் இருக்கும். ஜீன்ஸ் துணி வெளுத்த நீலத் தண்ணீர் பின்சுவர் ஓட்டை வழியாகத் தாயின் மடிக்கே நேராகப் போய்விடும்.

அந்த நிலையத்தின் ஆபரேட்டர் திருவேங்கடம். ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்கு வந்து, மணிக்கொரு தரம் பதிவேட்டில் 'மோட்டார் ஓடுகிறது' என்று எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்து வருடமாக ஒரே கதையை இத்தனை அழகாக எழுதியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனால் அந்த மனிதருக்கு ஒரு ஏக்கம் இருந்தது. 1998இல் நிலையத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் சோதனைக்காகப் பதினோரு நாள் ஓட்டிக் காட்டினார்கள். தொட்டியின் அடியிலிருந்து காற்று கொப்பளிக்கும். அந்தக் காற்றைக் குடித்துக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகி அழுக்கைத் தின்னும். முழுசாகப் பெருக ஒரு மாதம் ஆகும் என்றார் வந்த இன்ஜினியர். பன்னிரண்டாம் நாள் அவர்கள் பில் வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளி தாமோதரன் சுவிட்சை அணைத்தார். அந்த ஒரு மாதத்தின் மிச்சத்தைத்தான் திருவேங்கடம் பத்து வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

2008இல் கடல் கடந்த ஜீன்ஸ் வியாபாரி ஒருவருக்குத் திடீரென்று செங்கல்பட்டு ஓடைகளின் மேல் பாசம் வந்தது. சுற்றுச்சூழல் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர் என்று எழுதிவிட்டார். சான்றிதழ் தருகிறவர்களோ, சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்சார மீட்டர் வேண்டும், நாற்பது நாள் ஓடியதற்கு அதில் அத்தாட்சி வேண்டும் என்றார்கள்.

"நாளையிலேர்ந்து மோட்டாரைப் போடு" என்றார் தாமோதரன். "நாற்பது நாள் நிறுத்தக் கூடாது."

திருவேங்கடம் பதிவேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "நீலத் தண்ணிய தொட்டிக்குத் திருப்பிடட்டுமா சார்?"

"எதுக்கு? போர் தண்ணிய ஊத்தி சுத்த விடு. மீட்டருக்கு என்ன மூக்கா இருக்கு?"

வெறும் தண்ணீருக்கு நாற்பது நாள் காற்று ஊதுவது! மின்சாரத்தை வீணாக்கிப் பூமியைக் காப்பாற்றும் இந்த நுட்பத்தை மேல்நாட்டுக்காரன் கண்டுபிடிக்க இன்னும் நூறு வருடம் ஆகும்.

மறுநாள் காலை திருவேங்கடம் ஆறு வால்வையும் துடைத்து, பின்சுவருக்குப் போகும் வால்வை மூடி, தொட்டிக்குப் போகும் வால்வைத் திறந்தார். எலக்ட்ரீசியன் செல்வராஜ் பார்த்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்த, வேலைக்கு உல வெக்கிறியா? ஓனரு இன்னா சொன்னாரு, நீ இன்னா பண்ற?"

"ஓனரு மோட்டார ஓட்டச் சொன்னாரு. ஓட்டிகினு கீறேன்."

"போர் தண்ணின்னாரே?"

"இதுவும் போர்லேர்ந்து வந்த தண்ணிதான். நடுவுல கொஞ்சம் பேண்ட்டு தொவச்சிட்டாங்க."

பாக்டீரியாவுக்கு விதை வேண்டும். வேடந்தாங்கல் பக்கத்து மச்சான் வீட்டிலிருந்து இரண்டு மூட்டை மாட்டுச் சாணம் பஸ்ஸில் வந்தது. இன்னா மூட்டை என்று கேட்ட கண்டக்டரிடம் 'எக்ஸ்போர்ட் ஐட்டம்' என்று சொல்லியிருக்கிறார். வெல்லமும் கரைத்து ஊற்றினார். முதல் வாரம் தொட்டி நாறியது. இரண்டாம் வாரம் கூரை உயரத்துக்கு நுரை பொங்கியது. செல்வராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொங்கலுக்கு இன்னும் மாசம் கீதே அண்ணாத்த" என்றான். திருவேங்கடம் நுரையைத் தண்ணீர் அடித்து அடக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார்.

"ஞாயித்துக்கெழம கூடவா?" என்றாள் மனைவி கன்னியம்மா. "அந்தத் தொட்டியவே கட்டிகினு இருந்திருக்கலாம். எங்கப்பனுக்குக் கல்யாண செலவாவது மிஞ்சியிருக்கும்."

முப்பத்தோராம் நாள் ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேஜைமேல் வைத்தார். நல்ல பழுப்பு நிறம். சாணத்தின் வாடை போய் ஈர மண் வாசனை வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு திட்டுத் திட்டாகச் சேர்ந்து கீழே இறங்கியது. அரை மணியில் அடியில் மெத்தை மாதிரி அது. மேலே நீலமே இல்லாத தண்ணீர். ஜாடிக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தார். நகத்தின் அழுக்குகூடத் தெரிந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றிருந்தது. செல்வராஜ் நாஸ்தாவுக்குப் போயிருந்தான்.

நாற்பதாம் நாள் தணிக்கையாளர் ஸ்ரீனிவாசராகவன் வந்தார். அதற்கு முந்தைய வாரம்வரை பிஸ்கட் கம்பெனிகளைத் தணிக்கை செய்தவர். பொன்னாடை, பூங்கொத்து, பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிய பிளாஸ்டிக் பேனர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு தொட்டிக்கு வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன மிஸ்டர் தாமோதரன், இவ்வளவு அழுக்கா வெச்சிருக்கேள்? உங்க பழைய போட்டோவில் ஸ்படிகமா இருந்ததே!"

"சார், அது அழுக்கு இல்ல சார்" என்று திருவேங்கடம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பாக்டீரியா. அதுதான் சார் வேலை செய்யுது. முன்னாடி இருந்தது வெறும்..."

தாமோதரன் இருமினார். அந்த இருமலில் ஒரு வேலை நீக்க உத்தரவு இருந்தது. திருவேங்கடம் நிறுத்திக்கொண்டார்.

மீட்டர் சரியாக இருந்தது. மறு வாரம் மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் விழா. கடல் காற்று உள்ளே வராதபடி திரை போட்டு, ஏசி போட்டு, பசுமைத் தொழில்நுட்பம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சான்றிதழில் ஒரே ஒரு குறிப்பு: 'தொட்டியைச் சுத்தமாகப் பராமரிக்கவும்.'

சாப்பாட்டு வரிசையில் திருவேங்கடம் முதலாளியைப் பிடித்தார். "சார், மோட்டாரை மட்டும் நிறுத்திடாதீங்க சார். இப்பதான் புடிச்சி வந்திருக்கு."

"நிறுத்தறது மட்டும் இல்ல, நாளைக்குத் தொட்டிய காலி பண்ணி கழுவி போர் தண்ணி ரொப்பு. சான்றிதழ்லயே போட்டிருக்கான் பாரு."

"காத்து இல்லன்னா ரெண்டு நாள்ல செத்துடும் சார். உயிர் இருக்கு அதுக்கு."

"உயிர் இருக்கா? அப்ப அதுக்கும் போனஸ் கேப்பே போல" என்று சொல்லி, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஐஸ்கிரீம் பக்கம் போனார்.

மறுநாள் மதியம் செல்வராஜ்தான் சுவிட்சை அணைத்தான். கொப்பளிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, தொட்டி தட்டையானது. "மனசு கேக்கல அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு அவன் வேகமாகப் போய்விட்டான். பழுப்பு முழுவதும் பின்சுவர் ஓட்டை வழியாகப் போவதற்குள் திருவேங்கடம் மூடி போட்ட பெயிண்ட் வாளியில் ஒரு வாளி மொண்டுகொண்டார்.

ரயிலில் காலுக்கிடையில் வைத்திருந்தார். பரனூர் தாண்டியதும் மூடியைத் திறந்து கையால் கலக்கினார். எதிர் சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டிரம், மீன் தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்று மோட்டார், சாப்பாட்டுக்கு வடித்த கஞ்சி. நீலத் தண்ணீர்ப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று கம்பெனியிலிருந்து தினமும் ஒரு பாட்டில் நீலம். கன்னியம்மா முதல் நாள் கத்தினாள், இரண்டாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள், மூன்றாம் நாள் குளியலறையில் பாதியைப் பிரித்துத் தரச் சொன்னாள். நான்காம் நாள், "வெல்லம் கரைச்சி ஊத்தணும்னியே, ஊத்தினியா?" என்றாள்.

அந்த வருடம் மின்வெட்டு. அறிவித்தது இரண்டு மணி நேரம், அறிவிக்காதது அதற்குமேல். ஒரு நாள் மாலை திருவேங்கடம் ஊரப்பாக்கத்தில் இறங்கியபோது தெருவே இருண்டிருந்தது. வெட்டு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பெட்டிக்கடையில் கேட்டார். மூன்று மணிக்கு என்றார்கள். மணி ஆறரை. அவர் ஓடத் தொடங்கினார்.

குளியலறையில் மெழுகுவத்தி எரிந்தது. கன்னியம்மா முக்காலியில் உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மோர் கடையும் மத்தை டிரம்முக்குள் விட்டுக் கடைந்துகொண்டிருந்தாள். வேர்த்துக் கொட்டியது.

"நவுரு, நான் கடையறேன்" என்றார்.

"சட்டய மாத்திகினு வா. கை மாத்தும்போது நிறுத்தக் கூடாது." கடைவதை விடாமலே கேட்டாள். "அடுத்த வாட்டி நாப்பது நாளு தொட்டிய எப்ப ஓட்டுவாங்க?"

"மூணு வருசம் கழிச்சி. அப்பதான் சான்றிதழ் முடியுது."

அவள் டிரம்முக்குள் பார்த்தாள். நுரை மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுழன்றது.

"அப்ப நாளைக்கு வரும்போது வேற மத்து ஒண்ணு வாங்கியா" என்றாள். "இத்த இனிமே மோருக்குப் போட முடியாது."