சகாயராஜின் சம்மதம்

உப்பளத்து வரப்பில் ஸ்கூட்டியை ஓட்டக் கூடாது என்று நஸ்ரியாவுக்குத் தெரியும். தெரிந்தும் பாதி தூரம் ஓட்டிவிட்டு, சக்கரம் வழுக்கியதும் தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினாள். கூனிமேட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே இப்படித்தான் இருந்தது. கடை ஷட்டரைப் பூட்டினோமா என்று ஒரு சந்தேகம், ஷார்ஜாவில் இருக்கும் கணவன் முஜீப் கூப்பிட்டதற்குத் திருப்பிப் பேசவில்லையே என்று ஓர் உறுத்தல், எல்லாவற்றுக்கும் மேலே சகாயராஜ் என்ன சொல்வானோ என்ற படபடப்பு. அவன் என்ன சொல்வான் என்பது ஒன்றும் ரகசியமில்லை. போனில் ஏற்கெனவே சொல்லிவிட்டான். நேரில் போய் நின்றால் மனசு மாறுவான் என்று அவளாக நம்பிக்கொண்டு வந்திருந்தாள்.

'மழைமுன்' என்ற ஆப்பை எழுதியவர்கள் மூன்று பேர். திண்டிவனத்தில் ஒரே கல்லூரியில் படித்த நஸ்ரியா, சகாயராஜ், கௌதம். ராடார் படத்தைப் பார்த்து, மேகம் மரக்காணத்துப் பக்கம் வருமா, கடலுக்குத் திரும்பிவிடுமா என்று கணக்குப் போட்டு, உப்பளத்துக்காரர்களின் போனில் முன்கூட்டியே குரல் கொடுக்கும். அந்தக் கணக்கு முழுக்க சகாயராஜ் எழுதியது. நிரலைப் பொதுவில் வைத்தபோது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் தர வேண்டாம் என்று உரிமம் எழுதிப் போட்டார்கள். மூன்று பேருக்கும் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தாராளம் சுலபமாக வந்தது.

இப்போது ஒரு காப்பீட்டுக் கம்பெனி அதை வைத்தே வியாபாரம் செய்கிறது. நஸ்ரியா எழுதிக் கேட்டதற்கு, "உங்கள் உரிமம் பணம் தரச் சொல்லவில்லையே. மாற்றினால் தெரிவியுங்கள், தருகிறோம்" என்று பதில் வந்தது. கோபப்படக்கூட இடம் தராத மரியாதை. அவளும் கௌதமும் புதிய உரிமம் ஒன்றை எழுதினார்கள். உப்பளத்துக்கும் மீனவர்களுக்கும் எப்போதும் போல இலவசம், கம்பெனிகளுக்குக் கட்டணம், வருவதில் எழுதியவர்களுக்குப் பங்கு. ஆனால் எழுதிய மூவருமே சம்மதிக்க வேண்டும். கௌதம் பெங்களூரிலிருந்து அன்றைக்கே சம்மதித்துவிட்டான். மிச்சம் சகாயராஜ் ஒருவன்தான். ராடார் படம் ஒவ்வொரு முறை மாறும்போதும் உட்கார்ந்து சரிசெய்கிறவள் நஸ்ரியா மட்டுமே. சர்வர் வாடகையை அவளுடைய ஜெராக்ஸ் கடை கட்டுகிறது. "மூடிட்டு கெளம்பி வாயேன்" என்று முஜீப் சொல்லாத நாளில்லை. சகாயராஜ் சம்மதிக்காவிட்டால் ஆப்பை மூடிவிடுவது என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

சகாயராஜ் பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தான்.

"வரப்புல வண்டிய ஓட்டினு வர்ற. மேஸ்திரி பார்த்தாருன்னா தூக்கி கழுவெளி சேத்துல போட்டுருவாரு."

"மெயில் பார்த்தியா?"

"பார்த்தேன்." பலகையை ஓர் இழுப்பு இழுத்தான். "நான்தான் சொன்னேனே நஸ்ரியா. அப்பாவோட ஒரு சீசன் உப்பு ஒரே மழைல கரைஞ்சுது. இந்தக் கணக்கு பலிச்சா இதுல ஒரு பைசா தொட மாட்டேன்னு மாதாகிட்ட பொருத்தனை பண்ணி, உப்பும் மிளகும் கொட்டிட்டு வந்தேன். கொட்டினத திரும்ப அள்ளுவாங்களா?"

அவளுக்கு அது புரியாமலில்லை. அவளுடைய அம்மா சைத்தூன் பீவியும் தர்காவில் உப்பும் மிளகும் கொட்டியவள்தான்.

"கொட்டின உப்ப அப்புறம் ஏலம் விடுறாங்க இல்ல? எடுக்கிறவன் காசு குடுத்துதானே எடுக்கிறான்?"

"அது கோயிலுக்குப் போவுது."

"கோயில தெனம் கூட்டுறவங்களுக்கும் அதுலதானே சம்பளம்?"

அவன் வாரிய உப்பை ஓரமாக ஒதுக்கினான். அவள் சொல்ல வேண்டும் என்று நினைத்தே வராத ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீ பொருத்தனை பண்ண சகாயம். நான் பண்ணலயே."

சொன்னது ஆத்திரத்திலா அழுகையிலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவன் பலகையில் ஒட்டிய உப்பைத் தட்டினான்.

"உன் பங்க நீ வாங்கிக்க. வேணாம்னா சொல்றேன்? நான் சம்மதம்னு போட்டா என் கையால வித்தாப்ல ஆயிடும்பா."

அப்போது அவன் சட்டைப் பையிலிருந்து, ஆப்புக்காகப் பதிவு செய்த அவளுடைய குரலே பேசியது. "மேக்கால மழ வருது, உப்ப மூடுங்க." அடுத்த பாத்தியிலும், அதற்கடுத்த பாத்தியிலும், வரப்பில் கழற்றி வைத்த சட்டைகளுக்குள்ளிருந்தும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அதே குரல். மேற்கே வானம் வெறும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. ஆனால் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பலகைகளைப் போட்டுவிட்டு உப்பு அம்பாரங்களை நோக்கி ஓடினார்கள். சகாயராஜும் ஓடினான். நஸ்ரியா பர்தாவை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடி, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"போன வாரம் சத்தமே வராம இருந்துதே," என்றான் கயிற்றை இறுக்கியபடி. "யாரு சரி பண்ணது?"

"யாரு பண்ணுவா?"

அவன் அவளைப் பார்த்தான். கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் மழை இறங்கிவிட்டது.

"போன எடு. அந்த சம்மதம்னு இருக்குமே, காட்டு."

அவள் எடுத்து, குனிந்து மழைக்கு மறைத்து நீட்டினாள். அவன் கட்டைவிரலை வைத்தான். உப்புத்தண்ணீரில் ஊறி வெளுத்த விரலைத் திரை கண்டுகொள்ளவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தான். சட்டையும் நனைந்திருந்தது. அடுத்த அம்பாரத்தில் தார்ப்பாய் காற்றில் கிளம்பிவிட்டது, யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"நீயே அமுக்கிடு நஸ்ரியா!" என்று ஓடிவிட்டான்.

அவளுடைய விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அமுக்கிவிட்டால் முடிந்தது. வாயால் சொல்லிவிட்டான், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் மனசார சொன்னானா, அவசரத்தில் சொன்னானா, இவள் அழுதுவிடுவாள் என்று பயந்து சொன்னானா? நாளைக்கு மாதா முன்னால் போய் நிற்கும்போது, அமுக்கியது நான் இல்லை என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தான் ஓடினானோ? இவ்வளவு அலைந்து வாங்க வந்தது இதைத்தானா என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

போனை மார்போடு அணைத்துக்கொண்டு, வழுக்கும் வரப்பில் அவன் பின்னாலேயே போனாள். அவன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பர்தாவுக்குள் கையை விட்டு, இன்னும் நனையாத துப்பட்டாவின் முனையை வெளியே இழுத்தாள்.

"கையத் தொடைச்சிக்க," என்று நீட்டினாள். மழை அதன்மேல் விழத் தொடங்கியிருந்தது.