பதில் போட்டுக்கினே இருங்க

சுதாவுக்கு லாட்டரியில் பரிசு விழுந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் அவள் பில் போடுகிறவள். வாங்காத சீட்டுக்கு லண்டனிலிருந்து பரிசாம். அனுப்பியவன் பெயர் டேவிட். மெயில் தமிழில்தான் இருந்தது, ஆனால் மெஷின் மொழிபெயர்த்த தமிழ். "அன்பான வெற்றியாளரே, உங்கள் அதிர்ஷ்டத்தை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம்."

பக்கத்து சீட் ஷர்மிளா விழுந்து விழுந்து சிரித்தாள். இருவருமாகச் சேர்ந்து அதற்கென்றே புது மெயில் ஐடி ஒன்றை உருவாக்கி, 'ஜமீன்தாரிணி கோமளவல்லி' என்ற பெயரில் பதில் போட்டார்கள். பேங்க் பாஸ்புக்கை ஆடு தின்றுவிட்டது, ஆட்டை வயிற்றுப்போக்கென்று டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளவும். டேவிட் பொறுத்துக்கொண்டான். ஆட்டின் உடல்நலம் விசாரித்து எழுதினான். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் வந்தாலே இருவருக்கும் டேவிட்தான் பொழுதுபோக்கு.

சில வாரம் இப்படிப் போனது. ஒருநாள் மெயிலுக்கு அடியில், யாரும் படிக்காத சட்டதிட்டங்கள் பொடி எழுத்தில் வரும் இடத்தில், இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ் வரிகள் இருந்தன.

"அக்கா, நீங்க கலாய்க்கிறீங்கன்னு தெரியும். பரவால்ல. பதில் போட்டுக்கினே இருங்க. பதில் வர்ற அன்னிக்கு என்ன அடிக்க மாட்டாங்க."

சுதா டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். ஷர்மிளாவிடம் காட்டினாள்.

"இதுவும் டெக்னிக்தான்டி. பரிசுக்கு மயங்காதவ பாவம் பாப்பான்னு அவனுங்களுக்குத் தெரியாதா? பிளாக் பண்ணித் தொலை."

பிளாக் பண்ணத்தான் போனாள். அந்த 'போட்டுக்கினே' அவள் கையைப் பிடித்து நிறுத்தியது. அது லண்டன் பேச்சு இல்லை, மெஷின் பேச்சும் இல்லை. அவள் தினமும் பஸ்ஸில் கேட்கிற பேச்சு. வழக்கம்போல ஆட்டைப் பற்றி எழுதிவிட்டு, அடியில் அதே மாதிரி, "யாருப்பா நீ?" என்று கேட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. "பேரு எழில். ஊடு வெள்ளானூர். கம்ப்யூட்டர் வேலன்னு இட்டாந்து பாஸ்போர்ட்ட புடுங்கிக்கினாங்க. இது எந்த நாடுன்னே தெரியல. எங்கம்மா நாகம்மாகிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் போன் பேச வுடுவாங்க. ஆனா தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்துலயே நிப்பான்."

ஞாயிற்றுக்கிழமை மாங்காடு கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, சுதா ஆவடிக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வெள்ளானூரில் கல் நட்ட மனைகளுக்கு நடுவே, பூசாத சுவரோடு நின்ற வீடு நாகம்மாவுடையது. அபார்ட்மெண்ட் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிற அந்த அம்மாள், மகன் பெயரைச் சொன்னதுமே சேரைத் துடைத்துப் போட்டாள்.

"எம்புள்ளைய தெரியுமா உனக்கு? நல்லா கீறான்மா. அங்க வெயிலே இல்ல போல, ஆளே வெளுத்துட்டான்."

சுதா மெல்ல விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். நாகம்மா முதலில் சிரித்தாள், பிறகு முறைத்தாள். அடிக்கிறார்கள் என்று சொன்ன இடத்தில் போன் அடித்தது. மகனுடைய வீடியோ கால். சுதா கையை நீட்டித் தடுப்பதற்குள் நாகம்மா எடுத்துவிட்டாள்.

"எழிலு, அம்பத்தூர்லேருந்து சுதான்னு ஒரு அம்மா வந்துகீது. உன்ன அடிக்கிறாங்களாமே, நெசமா நைனா?"

திரையில் தலை படிய வாரிய பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் பக்கவாட்டில் போய் வந்தன.

"யாரும்மா அது? எனக்குத் தெரியாதே. நான் நல்லா கீறேன்."

ஒரு கை வந்து அவன் தோள்மேல் உட்கார்ந்தது. திரை இருண்டது. நாகம்மா திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். ரிங் போகவில்லை. அவளுக்கு அதன் பிறகு சுதா எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் இருவரும் ஆவடியில் போலீசில் புகார் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இது போல வேறு ஊர்களிலிருந்தும் புகார் வந்திருப்பதாகச் சொன்னார். "தொடர்ப விட்றாதீங்கம்மா. வழக்கம்போல எழுதுங்க" என்றார்.

சுதா வழக்கம்போல ஆட்டைப் பற்றி எழுதினாள். எழுதும்போது ஷர்மிளா திரையைப் பார்க்காமல் சாப்பிட்டாள். பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு எழிலின் போனும் வரவில்லை. நாகம்மாதான் தினமும் கூப்பிட்டாள். "பதில் வந்துச்சாம்மா?" என்ற ஒரே கேள்வி.

ஒருநாள் வந்தது. கோமளவல்லிக்கு அல்ல.

"மதிப்பிற்குரிய சுதா அவர்களே, நீங்கள் தேடும் நபர் உயிருடன் இருக்கிறார். அவருடைய இருக்கை காலியாக இருக்க இயலாது. கணினி தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேரை அனுப்பினால் அவரைத் திருப்பி அனுப்புகிறோம். வாழ்த்துகள். டேவிட்."

சுதா உடனே அதை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினாள். நாகம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தாள், ஆனால் மதியம் போன் வந்தபோது பொய் வாயில் வரவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டு வெள்ளானூருக்குப் போய், நேரிலேயே படித்துக் காட்டினாள்.

நாகம்மா அழவில்லை. "அந்த ரெண்டு பேருன்ற எடத்த இன்னொருவாட்டி படி" என்றாள்.

சுதா படித்தாள்.

"ரெண்டு பேர வெச்சிகினு இவன உட்ருவாங்களா?"

"நம்பாதீங்கம்மா. யாரையும் விட மாட்டானுங்க. போலீஸ் பார்த்துக்கும்."

நாகம்மா எழுந்து அடுப்பில் பால் வைத்தாள். பிறகு பின்பக்கத்துச் சுவரோரம் போய் நின்றாள். அடுத்த வீட்டு ஜோதிகா கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறவள்.

"ஜோதிகா! டீ போட்டுகீறேன், வாம்மா. உன் அண்ணன் கீறானா? அவனயும் இட்டுக்கினு வா. வேல விசயம்."

அந்தக் குரலில் அவ்வளவு பாசம் இருந்தது. சுதா நாகம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நாகம்மா இவள் பக்கம் திரும்பவே இல்லை.

சுதா வாசலுக்கு ஓடினாள். தலையைத் துவட்டிக்கொண்டே அந்தப் பெண் கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பின்னால் அவள் அண்ணன், செருப்பை மாட்டியபடி.

"உள்ள வராதம்மா. உங்கப்பா எங்க? மொதல்ல அவரக் கூப்பிடு" என்றாள் சுதா, கேட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

ஜோதிகா புரியாமல் விழித்தாள். உள்ளேயிருந்து நாகம்மாவின் குரல் வந்தது.

"நீ கெளம்பும்மா சுதா. இது எங்க ஊட்டு விசயம்."

சுதா கேட்டை விடவில்லை.